மென்பொருள், டெவ்ஆப்ஸ் துறையில் நீண்ட பணிவாழ்வு

"இப்போது எதைப் படித்தால் வேலை கிடைக்கும்?" என்பது கணினித் துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் பலரும் கேட்கும் கேள்வி. முதல் வேலைக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் 21 வயதில் வேலைக்குச் சேரும் ஒருவர் ஏறத்தாழ 35 ஆண்டுகள் உழைக்கப் போகிறார். அவர் இன்று கற்கும் கருவிகளில் பல, அவருக்கு 30 வயதாகும் முன்பே வழக்கொழிந்துவிடலாம். எனவே, "எதைப் படித்தால் நீண்ட காலம் நிலைக்கலாம்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இக்கட்டுரை மென்பொருள் துறையையும், அதன் ஒரு பகுதியான டெவ்ஆப்ஸ் பணியையும் எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது. புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் உள்ள உறுவையாறு போன்ற ஊரிலிருந்து இத்துறைக்கு வரும் மாணவருக்கு இது பயன்படும் வகையில் எழுதப்பட்டுள்ளது.

டெவ்ஆப்ஸ் என்றால் என்ன?

மென்பொருளை எழுதுவது 'டெவலப்மென்ட்'. எழுதிய மென்பொருளை வழங்கிகளில் (சர்வர்களில்) நிறுவி, இரவும் பகலும் தடையின்றி ஓட வைப்பது 'ஆபரேஷன்ஸ்'. இந்த இரண்டு சொற்களின் முதற்பகுதிகளும் சேர்ந்து பிறந்ததே 'டெவ்ஆப்ஸ்'. இது ஒரு கருவியின் பெயரோ மொழியின் பெயரோ அன்று. எழுதுபவரும் ஓட வைப்பவரும் ஒரே பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற வேலைமுறையின் பெயர்.

ஏரிப் பாசனம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாகூர் ஏரியை வெட்டியது ஒரு காலத்து வேலை. வரத்து வாய்க்காலைத் தூர் வாருவது, மதகைப் பார்த்துத் திறப்பது, ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை கசிகிறதா என்று கவனிப்பது எல்லாம் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. வெட்டியவரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். கரையைக் காப்பவரின் நினைவு, கரை உடையும் நாளில்தான் வரும். மென்பொருளிலும் இதே கதைதான்.

ரயிலுக்கு தட்கல் சீட்டு எடுப்பதை எண்ணிப் பாருங்கள். காலை 10 மணிக்குக் குளிர்வசதிப் பெட்டிகளுக்கும், 11 மணிக்கு மற்றப் பெட்டிகளுக்கும் முன்பதிவு தொடங்குகிறது. அந்த ஒரு நிமிடத்தில் நாடு முழுவதிலிருந்தும் மக்கள் ஒரே தளத்தைத் திறக்கிறார்கள். நிரல் சரியாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அத்தனை கூட்டத்தையும் தாங்கும் வழங்கிகள், தரவுத்தளம், வலையமைப்பு, கண்காணிப்பு எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வதே டெவ்ஆப்ஸ் பொறியாளரின் அன்றாட வேலை.

எப்படித் தோன்றியது?

2000-களில் பெரிய நிறுவனங்களில் இந்த இரு அணியினரும் தனித்தனியே இருந்தனர். நிரலாளர்களிடம் புதிய வசதிகளை விரைவாகத் தருமாறு கேட்டார்கள். வழங்கிகளைப் பார்த்துக்கொள்பவர்களிடம் எதுவும் நின்றுவிடக் கூடாது என்றார்கள். எதையும் மாற்றாமல் இருப்பதே நின்றுபோகாமல் இருக்க எளிய வழி என்பதால், இரு அணிகளும் ஓயாமல் மோதிக்கொண்டன.

பெல்ஜியத்தைச் சேர்ந்த பாட்ரிக் டெபோயிஸ் இந்த மோதலை நேரில் கண்டவர். 2007-இல் அந்நாட்டு அரசுத் துறை ஒன்றின் தரவு மையத்தை இடம் மாற்றும் பணியில் இருந்தபோது, அவர் ஒரு நாள் நிரலாளர்களுடனும் மறுநாள் வழங்கி நிர்வாகிகளுடனும் வேலை செய்ய வேண்டியிருந்தது. இரண்டு பக்கங்களுக்கும் இடையே இருந்த சுவரை அங்குதான் அவர் உணர்ந்தார். 2009 ஜூனில் ஜான் ஆல்ஸ்பா, பால் ஹாமண்ட் ஆகிய இருவரும் ஃபிளிக்கர் தளத்தில் ஒரே நாளில் பத்து முறைக்கு மேல் புதிய நிரலை வெளியிடுவது எப்படி என்று அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில் விளக்கினர். மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவதற்கே பலர் அஞ்சிய காலம் அது. அந்த உரையால் தூண்டப்பட்ட டெபோயிஸ், 2009 அக்டோபர் இறுதியில் கெண்ட் நகரில் 'டெவ்ஆப்ஸ்டேஸ்' என்ற கூட்டத்தை நடத்தினார். 'டெவ்ஆப்ஸ்' என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெபோயிஸ் இந்த யோசனைக்கு வந்தது ஒரு கருவியைக் கற்றதால் அன்று. நிரலெழுதுதல், சோதனை, வழங்கி நிர்வாகம் என்று பல இடங்களில் இருந்து பார்த்ததால்தான் மற்றவர் கண்ணில் படாத சிக்கல் அவர் கண்ணில் பட்டது.

25 ஆண்டுகளில் ஒரு வேலை எத்தனை முறை மாறியது?

2000-இல் வழங்கி நிர்வாகியாகச் சேர்ந்த ஒருவரைக் கற்பனை செய்வோம். அவருடைய வேலை இப்படி மாறியிருக்கும்:

* 2000: வழங்கி என்பது குளிரூட்டிய அறையில் இருக்கும் பெட்டி. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் கொள்முதல் ஆணை போட்டு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லினக்ஸை வட்டிலிருந்து நிறுவி, அப்பாச்சியையும் மைஎஸ்கியூஎல்லையும் கையால் அமைப்பார்.
* 2005 – 2006: லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் மென்பொருளை 2005-இல் வெளியிட்டார். 2006-இல் அமேசான் மேகக்கணினிச் சேவையைத் தொடங்கியது. வாரக்கணக்கில் காத்துப் பெற்ற வழங்கி சில நிமிடங்களில் கிடைத்தது.
* 2011 – 2012: ஜென்கின்ஸ் நிரலைத் தானாகச் சோதித்து வெளியிட்டது. பப்பெட், செஃப், ஆன்சிபிள் போன்றவை வந்ததால், நூறு வழங்கிகளை ஒரே கோப்பைக் கொண்டு அமைக்க முடிந்தது.
* 2013 – 2015: டாக்கர் கொள்கலன் முறையைப் பரவலாக்கியது. கூகுள் 2014-இல் குபெர்னெட்டீஸை வெளியிட்டது. அதே ஆண்டு டெராஃபார்ம் வந்தது.
* 2022-க்குப் பின்: சாட்ஜிபிடியைத் தொடர்ந்து, அமைப்புக் கோப்புகளையும் சிறு நிரல்களையும் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தன.

இடையில் அவருடைய பதவிப் பெயரும் மாறியிருக்கும். சிஸ்டம் அட்மின், பில்ட் இன்ஜினியர், டெவ்ஆப்ஸ் இன்ஜினியர், எஸ்ஆர்இ, பிளாட்ஃபார்ம் இன்ஜினியர் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. செய்த வேலையின் சாரம் மட்டும் மாறவில்லை. மக்கள் நம்பிப் பயன்படுத்தும் ஒன்றை நிற்காமல் ஓட வைப்பதே அது.

மறையும் கருவிகளும் மறையாத அடிப்படைகளும்

கருவிகள் பல காரணங்களால் மறைகின்றன. சிலவற்றை அவற்றின் உரிமையாளரே கைவிடுகிறார். 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று நம்பி நிறுவப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியிலேயே நிறுத்தப்பட்டது. சிலவற்றின் உரிமம் மாறுகிறது. 2023 ஆகஸ்டில் டெராஃபார்மின் உரிமம் மாறியபோது, அதன் பழைய கட்டற்ற நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற கிளை பிறந்தது. ஹட்சன் என்ற பெயரில் இருந்த திட்டம் ஆரக்கிள் நிறுவனத்துடன் ஏற்பட்ட பூசலால் 2011-இல் ஜென்கின்ஸ் ஆனது.

2020 டிசம்பரில், டாக்கரை நேரடியாக ஆதரிப்பதைக் கைவிடப் போவதாகக் குபெர்னெட்டீஸ் அறிவித்தது. 2022-இல் அதைச் செய்தும் முடித்தது. டாக்கரின் கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்திருந்தவர்கள் தங்கள் உழைப்பெல்லாம் வீணாகிவிட்டதாகப் பதறினார்கள். கொள்கலன் என்பது லினக்ஸ் கருனியில் உள்ள சில வசதிகளைக் கொண்டு ஒரு செயலியைப் பிரித்து வைக்கும் முறை என்று அறிந்தவர்களுக்கு அது சாதாரணச் செய்தி. டாக்கரில் உருவாக்கிய படிமங்கள் அதன் பின்னும் மாற்றமின்றி ஓடின.

இனி மறையாதவற்றைப் பார்ப்போம். யூனிக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படைக் கருத்துகளும் தரவுத்தளங்களைக் கேட்கும் எஸ்கியூஎல் மொழியும் 1970-களில் உருவானவை. இணையத்தின் அடித்தளமான டிசிபி/ஐபி நெறிமுறைக்கு ஆர்பாநெட் மாறியது 1983 ஜனவரி 1 அன்று. தளப்பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வந்ததும் அதே ஆண்டில்தான். பாஷ் 1989, லினக்ஸ் 1991, எஸ்எஸ்ஹெச் 1995. இவை எல்லாம் இன்றும் நாள்தோறும் பயன்படுகின்றன.

எனவே கற்பதற்கு நேரம் ஒதுக்கும்போது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். வேலை கேட்கும் கருவியை வேலைக்குத் தேவையான அளவு கற்க வேண்டும். அந்தக் கருவி எதன்மேல் நிற்கிறதோ அதை ஆழமாகக் கற்க வேண்டும். முன்னது அடுத்த நேர்காணலுக்கு உதவும். பின்னது அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உதவும்.

தமிழ்க் கணிமையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980-களின் நடுவில் முரசு மென்பொருளை உருவாக்கினார். பின்னர் கைபேசிகளுக்குச் செல்லினம் வந்தது. ஆப்பிள் கணினிகளில் உள்ள இணைமதி எழுத்துருவும் அவர் உருவாக்கியதே. டாஸ் போனது, விண்டோஸ் வந்தது, கைபேசி வந்தது. தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படிக் குறியேற்றம் பெறுகிறது, எப்படி உருப்பெறுகிறது என்ற அறிவு அவருக்கு ஒவ்வொரு தளத்திலும் கைகொடுத்தது.

பொறுப்பு: இரண்டு சம்பவங்கள்

இந்த வேலையில் தவறு நேர்ந்தால் என்னவாகும் என்பதை அறிய இரண்டு சம்பவங்களைப் படிப்பது நல்லது.

முதலாவது, அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் நடந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று பயன்படுத்துவதற்காகப் புதிய நிரலை 8 வழங்கிகளில் நிறுவ வேண்டியிருந்தது. கையால் செய்த அந்த வேலையில் ஒரு வழங்கி விடுபட்டுப்போனது. வேறு யாரும் சரிபார்க்கவில்லை. சந்தை திறந்ததும், அந்த ஒரு வழங்கியில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, தாறுமாறாகப் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. நிறுவனம் தனித்து நிற்க முடியாமல் வேறொரு நிறுவனத்துடன் இணைய நேர்ந்தது.

இரண்டாவது, கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது. இரவில் தரவுத்தளச் சிக்கல் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், துணை வழங்கி என்று நினைத்து முதன்மை வழங்கியின் கோப்புறையை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் பெரும்பகுதி போய்விட்டது. காப்பு நகலைத் தேடியபோதுதான் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. நகல் எடுக்கும் மென்பொருள், தரவுத்தளத்தின் பதிப்புடன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் யாரையும் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காக சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்து வைத்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. கிட்லேப் நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது, முழு அறிக்கையையும் வெளியிட்டது. பழியை அந்தப் பொறியாளர்மேல் போடாமல், ஒரு தவறான கட்டளை இவ்வளவு அழிக்க முடிந்தது ஏன் என்று ஆராய்ந்தது.

இவ்விரண்டு சம்பவங்களும் மூன்று பாடங்களைத் தருகின்றன:

1. மீட்டுப் பார்க்காத காப்பு நகல், காப்பு நகலே ஆகாது.
2. எட்டு இடங்களில் கையால் செய்யும் வேலையில் ஒன்று விடுபடும். அதைத் தானியக்கமாக்க வேண்டும்.
3. தவறு செய்தவரைத் தண்டித்தால் அடுத்தவர் தவறை மறைப்பார். தவறுக்கு இடம் கொடுத்த அமைப்பைச் சரிசெய்தால் மட்டுமே அது குறையும்.

இந்த மூன்றும் எந்தக் கருவிக்கும் பொருந்தும், எத்தனை ஆண்டுகளானாலும் பொருந்தும். அனுபவமுள்ள பொறியாளரை நிறுவனங்கள் தேடுவதற்கு இந்த விழிப்புணர்வே காரணம்.

ஒரே துறைக்குள் பல வழிகள்

நீண்ட பணிவாழ்வு என்றால் ஒரே நாற்காலியில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்திருப்பது என்று பொருளில்லை. மென்பொருள் சோதனையாளர் தானியக்கச் சோதனை வழியாக டெவ்ஆப்ஸுக்கு வரலாம். வலையமைப்பு வல்லுநர் மேகக்கணினிக்கும், அங்கிருந்து பாதுகாப்புத் துறைக்கும் போகலாம். தரவுத்தள நிர்வாகி தரவுப் பொறியாளராகலாம். நன்றாக எழுதத் தெரிந்தவர் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதலாம், பயிற்சி அளிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய அறிவில் பாதியாவது கூட வர வேண்டும். எதுவுமே கூட வராத தாவல், மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்குச் சமம்.

நிறுவனங்களும் இப்படித்தான் நீடிக்கின்றன. இன்றைய ஜோஹோ, 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் செய்யும் நிறுவனமாகத் தொடங்கியது. 2000-க்குப் பின் தொலைத்தொடர்புத் துறை சரிந்தபோது, அதே அறிவைக் கொண்டு சாதாரண அலுவலகங்களின் கணினிகளை நிர்வகிக்கும் மேனேஜ்இன்ஜினை உருவாக்கியது. 2005-இல் இணையவழி அலுவலக மென்பொருளுக்கு வந்தது. 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அங்கு முன்விற்பனைப் பொறியாளராகச் சேர்ந்து, பின் தயாரிப்பு மேலாண்மைக்கு உயர்ந்த கிரிஷ் மாத்ருபூதம், 2010-இல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்நிறுவனம் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

உறுவையாற்றிலிருந்து தொடங்குபவருக்கு

சங்கராபரணி ஆற்றுப் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் கற்க முடியுமா என்ற ஐயம் எழலாம். லினக்ஸ், கிட், ஆன்சிபிள், குபெர்னெட்டீஸ், புரோமிதியஸ் ஆகிய எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள். பெருநிறுவனப் பொறியாளர் பயன்படுத்துகிற அதே மென்பொருளைக் காசு கொடுக்காமல் நீங்களும் நிறுவலாம், அதன் மூல நிரலைப் படிக்கலாம். கருவிகளைப் பொறுத்தவரை இத்துறை எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.

சான்றிதழ்களைச் சேர்ப்பதைவிட, ஒரே ஒரு வழங்கியை ஓராண்டு முழுவதும் நீங்களே ஓட்டிப் பார்ப்பது அதிகம் கற்றுத்தரும். பயன்படாமல் கிடக்கும் பழைய மடிக்கணினி ஒன்று போதும்:

1. அதில் டெபியன் லினக்ஸை நிறுவி, வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக மட்டும் இயக்கிப் பழகுங்கள்.
2. ஊரில் யாருக்காவது உண்மையில் பயன்படும் ஒரு சிறு தளத்தை அதில் அமையுங்கள். பள்ளி நூலகத்தின் புத்தகப் பட்டியல், மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு என எதுவாகவும் இருக்கலாம்.
3. எல்லா அமைப்புக் கோப்புகளையும் கிட்டில் வையுங்கள்.
4. நாள்தோறும் காப்பு நகல் எடுங்கள். மாதம் ஒருமுறை அதை வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள்.
5. தளம் நின்றால் உங்களுக்குச் செய்தி வரும்படி கண்காணிப்பு வையுங்கள்.
6. மின்வெட்டால் நின்றது, வட்டு நிரம்பி நின்றது என ஒவ்வொரு தடங்கலையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், மறுபடி நேராமலிருக்க என்ன செய்தீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.
7. கடைசியாக, முழு அமைப்பையும் அழித்துவிட்டு, ஆன்சிபிள் கொண்டு ஒரே கட்டளையில் திரும்ப உருவாக்குங்கள்.

மற்றவர்கள் பயன்படுத்தும் தளமாக இருப்பது முக்கியம். "ஏம்பா, நேத்திலேர்ந்து திறக்கவே இல்லையே" என்று ஒருவர் கேட்கும்போது வரும் பொறுப்புணர்வைப் பயிற்சி வகுப்பு தராது. அந்தத் தடங்கல் குறிப்பேடு நேர்காணலில் எந்தச் சான்றிதழையும்விட நன்றாகப் பேசும்.

தனியே கற்பதைவிடக் கூட்டாகக் கற்பது எளிது. புதுச்சேரியில் எஃப்எஸ்ஹெச்எம் என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கம் உள்ளது. விழுப்புரத்தில் விஜிலக் என்ற லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. புதுச்சேரி–விழுப்புரம் ரயில்பாதை வில்லியனூர் வழியாகவே செல்கிறது. தமிழிலேயே தொழில்நுட்பம் படிக்க, 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் உதவும். ஆங்கிலம் தேவைதான். ஆனால் முதலில் புரிந்துகொள்வதற்குத் தாய்மொழியும், பின்னர் ஆவணங்களைப் படிக்க ஆங்கிலமும் என்று பிரித்துக்கொண்டால் அச்சம் குறையும்.

உடலும் உறக்கமும்

வழங்கிகள் இரவிலும் ஓடுவதால், இத்துறையில் முறைவைத்து இரவு அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டியிருக்கும். திறமையான பலர் பத்தாண்டுகளில் களைத்து வெளியேறுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே ஒரு கணக்கைத் தெரிந்து வைத்திருங்கள். ஒரு சேவை 99.9% நேரம் ஓட வேண்டும் என்றால், 30 நாளில் 43.2 நிமிடம் நிற்கலாம். 99.99% என்றால் 4.32 நிமிடம்தான் நிற்கலாம். அவ்வளவு குறுகிய நேரத்தில் மனிதர் ஒருவர் தூக்கம் கலைந்து எழுந்து சரிசெய்ய முடியாது. தானாகச் சீராகும் அமைப்பு தேவை. அதற்குச் செலவாகும். எல்லாச் சேவைக்கும் அந்த அளவு தேவையில்லை என்று நிறுவனத்திடம் எண்ணிக்கையோடு எடுத்துச் சொல்வதும் பொறியாளரின் வேலையே. ஒரே பழுது மூன்று முறை தூக்கத்தைக் கெடுத்தால், நான்காம் முறை வராதபடி பகலில் சரிசெய்ய நேரம் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறிக்குமா?

அமைப்புக் கோப்பை எழுதித் தரும் வேலையை அது ஏற்கெனவே செய்கிறது. கட்டளைகளை நினைவில் வைத்திருப்பது மட்டுமே தொழிலாகக் கொண்டவருக்கு இது கடினமான காலம். ஆனால் இயந்திரம் எழுதித் தந்த கட்டளையை முதன்மை வழங்கியில் ஓட்டலாமா என்று முடிவு செய்ய, அது என்ன செய்யும் என்று தெரிந்த ஒருவர் வேண்டும். ஓட்டிய பின் ஏதேனும் உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அடிப்படை அறிந்தவருக்கு இது இன்னொரு கருவி. 2006-இல் மேகக்கணினி வந்ததைப் போல, 2013-இல் டாக்கர் வந்ததைப் போல இதையும் கற்றுக்கொண்டு மேலே செல்லலாம்.

சுருங்கச் சொன்னால், இத்துறையில் நீடிப்பவர்கள் எல்லாக் கருவிகளையும் கற்றவர்கள் அல்லர். கருவிக்கு அடியில் இருப்பதைக் கற்றவர்கள், தாங்கள் ஓட வைப்பதைப் பயன்படுத்தும் மனிதர்களை மறவாதவர்கள், கற்றதைப் பிறருக்கு எழுதி வைப்பவர்கள். இம்மூன்றையும் எந்த ஊரில் இருந்தும், முதல் வேலை கிடைக்கும் முன்பே தொடங்கலாம்.